ஓட்டைச் சட்டியில் ராசா உசுரு

ஒரு ஊர்ல, மழை வழி மறந்துபோன ஒரு ஊர்ல, சோலையன்னு ஒரு குயவனும் அவன் பொண்டாட்டி சின்னநாச்சியும் இருந்தாங்க. அந்த ஊர் எங்கே இருக்குன்னு கேக்காதீங்க. கேட்டவன் ஒருத்தன் தேடிப் போனான், இன்னும் திரும்பி வரலை.

சோலையன் செய்யுற பானைன்னா சும்மா இல்லை. அதுல தாத்தா தண்ணி ஊத்தி வச்சா, பேரன் வந்து மோந்து குடிக்கலாம், ஒரு சொட்டு குறைஞ்சிருக்காது. சூளையைப் பிரிச்சதும் அவன் செய்யுற முதல் வேலை என்ன தெரியுமா? காய்ஞ்ச சாம்பலைக் கொட்டிப் பரப்பி, அது மேல பானையை வச்சு, கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்திட்டுப் போயிருவான். மறுநாள் வந்து பானையைத் தூக்கிட்டு, அடியில இருந்த சாம்பலைத் தொட்டுப் பார்ப்பான். உலர்ந்திருந்தா விக்கிறதுக்குப் போகும். விரல்ல ஈரம் ஒட்டிச்சோ, அந்த இடத்துலயே கட்டையால ஒரே போடு. உடைஞ்ச சில்லெல்லாம் கொல்லைப்பக்கம் குவியலாக் கிடக்கும்.

"ஒழுகுற பானையும் ஒரு பானையா? அதை வித்தா நான் குயவனா?" அப்படிம்பான்.

சின்னநாச்சி மண்ணு மிதிப்பா, வெறகு அடுக்குவா, சூளைக்கு நெருப்பு வைப்பா. சூளையைப் பிரிக்கும்போது குபீர்னு அனல் சாம்பல் மூஞ்சியில அடிக்கும் பாருங்க, அதுக்கு முன்னாடியே முந்தானையை முகத்துல போட்டுக்குவா. யோசிச்சுச் செய்யுறது இல்லை அது. கை தானாப் போகும். இதை மறந்துராதீங்க, பின்னாடி வேணும்.

சரி, அந்த நாட்டுக்கு ஒரு ராசா இருந்தான். அவனுக்குச் சோறு இருந்தது, சேனை இருந்தது, பயமும் இருந்தது. அப்பன் செத்தான், பாட்டன் செத்தான், பூட்டன் செத்தான். நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு இதே பொழப்பாப் போச்சே, அடுத்தது நாமதானேன்னு அவனுக்குத் தொண்டையில சோறு இறங்கலை. அந்த நேரம் பார்த்து ஒரு ஆண்டி அரமனை வாசல் வழியாப் போனான். ராசா அவனைக் கூப்பிட்டு, எனக்குச் சாவு வராம ஒரு வரம் குடுன்னான். ஆண்டி முடியாதுன்னான். பட்டு தாரேன், குடுன்னான். முடியாதுன்னான். ஊர் தாரேன், குடுன்னான். முடியாதுன்னான். அப்புறம் ராசா என்ன பண்ணினான், ஆண்டியைக் கொண்டுபோயிக் கள்ளி வேலியோட சேர்த்துக் கட்டிப் போட்டான். வெயிலு மண்டையைப் பிளக்குது, முள்ளு முதுகைக் கிழிக்குது, குடிக்கத் தண்ணி இல்லை. ராசா குடைக்குக் கீழ உக்கார்ந்து அவன் கண்ணு முன்னாடி மோர் குடிக்கிறான்.

கடைசியில ஆண்டி கேட்டான், "சாவு வராம இருந்தாப் போதுமாப்பா உனக்கு?"

"போதும்."

"வேற ஒண்ணும் வேண்டாமா?"

"வேண்டாம்."

"நல்லா யோசிச்சுக்க."

"யோசிக்கிறதுக்குத்தான் மந்திரிக்குச் சோறு போடுறேன். நீ வரத்தைக் குடு."

ஒரு கையை மட்டும் அவுக்கச் சொல்லி, ஆண்டி தன் முதுகுல குத்திக்கிட்டிருந்த சதுரக்கள்ளியில ஒரு கிளையை ஒடிச்சான், ராசாவோட நெஞ்சுல ஒரு தடவை ஒத்தி எடுத்தான், அவன் கையில குடுத்தான். "உன் உசுரை இதுல ஏத்தியாச்சு. இந்தக் கள்ளி எங்கே ஒரு கணு பச்சையா இருந்தாலும் உனக்குச் சாவு இல்லை, போ" அப்படின்னான். அவுத்து விட்டதும் சிரிச்சுக்கிட்டே நடந்தான், தெரு முக்குத் திரும்புற வரைக்கும் சிரிச்சான், திரும்பின பிறகும் சிரிப்புச் சத்தம் கேட்டது. எதுக்குய்யா சிரிக்கிறேன்னு ராசா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை.

ராசா அந்தக் கிளையை வெள்ளி அண்டாவுல நட்டான். அது கிளை விட்டது, கிளை மேல கிளை விட்டது, முள்ளும் பச்சையுமா ஆள் உசரம் வளர்ந்து நின்னது. அதைப் பார்க்கப் பார்க்க ராசாவுக்குப் புதுசா ஒரு பயம் பிடிச்சுக்கிச்சு. இது ஒண்ணை மட்டும் நம்பி இருந்தா எப்படி? அரமனை தீப்பிடிச்சா? ஆடு புகுந்து கடிச்சா? எதிரி வந்து வெட்டினா? உடனே கிளையெல்லாம் ஒடிச்சான், வீட்டுக்கு ஒண்ணுன்னு நாடு முழுக்கக் குடுத்தான், தமுக்கு அடிச்சுச் சொல்லச் சொன்னான்.

"இதனால சகலமானவங்களுக்கும்! ராசாவோட உசுரு உங்க வீட்டுக்கு வந்திருக்கு! பால் வடிய வடிய நடணும், காய விடக் கூடாது! சட்டியில ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது! காலையில தண்ணி, மத்தியானம் தண்ணி, சாயந்தரம் தண்ணி! எந்த வீட்டுல கள்ளி பட்டுப்போகுதோ, அந்த வீட்டு ஆம்பளையோட ரெண்டு கண்ணுலயும் கள்ளிப்பால்! மறுபடியும் பட்டுப்போச்சுன்னா வீட்டுப் பொம்பளைக்கு! டும் டும் டும்!"

எல்லாரும் ஒரே நாள்ல அதைப் பிடுங்கி எறிஞ்சா ராசா செத்திருப்பானேன்னு நீங்க கேப்பீங்க. நீங்க கேப்பீங்க, உங்க கண்ணு பத்திரமா இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் பிடுங்குவான்னு எவன் நம்புறது? அவனவன் கண்ணை அவனவன் பொத்திக்கிட்டான்.

ஊருக்கெல்லாம் சட்டி வேணுமே! சோலையனுக்குக் கை நிக்க நேரமில்லை. சக்கரம் சுத்துது, சூளை எரியுது, சாம்பல் மேல சட்டி ஏறுது, இறங்குது. ஒரு சட்டி ஒழுகலை. "ராசா உசுரே என் சட்டியிலதான்டி இருக்கு" அப்படின்னு அவன் நெஞ்சை நிமித்திச் சொல்லுவான். சின்னநாச்சியும் சிரிச்சுக்குவா.

அப்புறம் முதல் வீட்டுக் கள்ளி மஞ்சளாச்சு. அடித்தண்டு கொழகொழன்னு ஆச்சு, புளிச்ச வாடை அடிச்சது, ஒருநாள் தலை சாஞ்சு விழுந்தது. கள்ளியை ராப்பகலாக் கவனிக்கிற மணியக்காரன் ஒருத்தனை ராசா வச்சிருந்தான். அவன் ஆளுங்களோட வந்தான், அந்த வீட்டுக்காரனைப் பிடிச்சு அமுக்கினான், பால் விட்டுட்டுப் போனான். அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரன் என்ன செய்வான்? பயந்து போயி இன்னும் ரெண்டு செம்புத் தண்ணி சேர்த்து ஊத்தினான். அவன் கள்ளியும் சாஞ்சது. அதுக்கு அடுத்தவன் தோண்டியோட ஊத்தினான். அவனதும் சாஞ்சது. கொஞ்ச காலத்துல அந்த ஊர்த் தெருவுல கோல் தட்டுற சத்தம்தான். டொக், டொக், டொக்னு போவாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்குவாங்க, யாரு நீயின்னு கேட்டுக்குவாங்க.

சோலையன் வீட்டுக் கள்ளியும் வதங்கினது. சின்னநாச்சி அதுக்குக் குடை பிடிச்சா, விசிறி விட்டா, தான் குடிக்கிற தண்ணியையும் ஊத்தினா. ஒருநாள் காலையில வந்து பார்த்தா அது இடுப்பு ஒடிஞ்சு கிடக்குது.

மணியக்காரன் வந்தான். செத்த வீட்டுக்குள்ள வர்றவன் மாதிரி செருப்பை வாசல்ல கழட்டிட்டு, மரியாதையா வந்தான், பாவி.

"ஐயா, சாமி, அவரு கை பார்த்துச் செய்யுற தொழிலு, கண்ணு போனாப் பொழப்பே போச்சு. என் கண்ணுல விடுங்க சாமி" அப்படின்னு சின்னநாச்சி அவன் காலைப் பிடிச்சா.

"அவசரப்படாதே தாயி. உன் முறை வரும். ராசா எதுலயும் வரிசை தப்ப மாட்டாரு" அப்படின்னான் அவன்.

சோலையன் கத்தலை. கடைசியாப் பார்க்குறதை நல்லாப் பார்த்துக்குவோம்னு பொண்டாட்டி மூஞ்சியையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தான். பால் விழுந்த பிறகுதான் கத்தினான்.

மணியக்காரன் கையைத் துடைச்சுக்கிட்டு, பால் சொட்டுற புதுக் கிளை ஒண்ணை அவ மடியில போட்டான். "இது உன் கணக்கு. நல்லா வளர்த்துக்க."

அவன் போன பிறகு சின்னநாச்சி எண்ணிப் பார்த்தா. வீட்டுல ஆளு ரெண்டு, கண்ணு ரெண்டுதான் மிச்சம், அதுவும் தன்கிட்ட. இதுவும் போச்சுன்னா யாரு கையை யாரு பிடிச்சுக்கிட்டு நடக்குறது? அடுப்பு எங்கே, கிணறு எங்கே, நெருப்பு எங்கேன்னு யாரு யாருக்குச் சொல்றது? அதை நினைச்சதும் அவளுக்கு அழுகை வரலை, ஆங்காரம்தான் வந்தது. அழுகிப்போன பழைய கள்ளியை வாரிக்கிட்டுப் போயி, கொல்லையில சில்லுக் குவியல் மேல எறிஞ்சா. புதுக் கிளையையும் சேர்த்து எறிஞ்சா. "கிடந்து சாவுடி"ன்னு திட்டிட்டு, புருஷன் கண்ணுக்கு வெண்ணெய் வைக்க உள்ளே போயிட்டா.

புருஷனுக்குக் காய்ச்சல் அடிச்சது, முனகினான், அவ கஞ்சி வச்சா, புண்ணைத் தொடைச்சா, கள்ளியை மறந்தே போனா. ஒருநாள் வெறகு எடுக்கக் கொல்லைப்பக்கம் போனவளுக்குத் திக்குன்னு ஆச்சு. ஐயோ, கிளையை எறிஞ்சோமேன்னு ஓடிப் போயிப் பார்க்கிறா. என்னத்தைப் பார்த்தா?

அழுகின கள்ளியோட அடிப்பக்கம் வெயில்ல சருகாப் போச்சு, ஆனா நுனிப்பக்கம் பச்சையாக் கிடக்குது. புதுக் கிளையும் பச்சையாக் கிடக்குது. ஒடிச்ச வாயில பால் நின்னு, காஞ்சு, புண்ணு ஆறின மாதிரி பொருக்குத் தட்டியிருக்கு. அந்தப் பொருக்கு ஓரத்துல வெள்ளையா, நூல் மாதிரி, வேர். மண்ணு இல்லை, தண்ணி இல்லை, நிழல் இல்லை. உடைஞ்ச சில்லும் வெயிலும்தான். தூக்கி எறிஞ்சது பிழைச்சிருக்கு, தொட்டில் கட்டி வளர்த்தது செத்துப்போச்சு.

சின்னநாச்சி அங்கேயே உக்கார்ந்து யோசிச்சா. அப்புறம் எழுந்து போயி, சோலையன் கண்ணோட இருந்தப்போ கடைசியாச் செஞ்ச சட்டியை எடுத்தா, கவுத்தா, ஆணியை வச்சு மெல்ல மெல்லத் தட்டி, அடியில விரல் நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டா. குயவன் வீட்டுப் பொம்பளை கையால நல்ல சட்டியில ஓட்டை போடுறது, தாலியைத் தானே அறுக்குற மாதிரி. ஆனாலும் போட்டா. ஓட்டை மேல சில்லை வச்சு, மணலும் செங்கல் பொடியும் கொஞ்சம் மண்ணும் கலந்து ரொப்பி, கிளையை நட்டா. தண்ணி காட்டலை. வெயில்ல கொண்டுபோயி வச்சா.

ஆனா மணியக்காரன் வருவானே, கண்ணு முன்னாடி ஊத்தச் சொல்லுவானே, தண்ணி கீழ வழிஞ்சாக் காட்டிக் குடுத்துருமே! அதுக்கும் ஒண்ணு செஞ்சா. சூளைச் சாம்பலை முழங்கால் உசரத்துக்குக் குவிச்சு, அது மேல சட்டியைப் பதிச்சு வச்சா.

மணியக்காரன் முதல் தடவை வந்தான். "ஊத்து பார்ப்போம்." ஊத்தினா. ஊத்தின தண்ணியைச் சாம்பல் சத்தமில்லாம விழுங்கிடுச்சு. போயிட்டான்.

ரெண்டாந்தடவை வந்தான். "ஊத்து பார்ப்போம்." ஊத்தினா. விழுங்கிடுச்சு. கள்ளியில புதுசா ரெண்டு கிளை எட்டிப் பார்த்தது. "பரவால்லையே!" அப்படின்னுட்டுப் போயிட்டான்.

மூணாந்தடவை வந்தான். கள்ளி கையை விரிச்சு நிக்குது, முள்ளெல்லாம் ஊசி மாதிரி, மினுமினுன்னு. சுத்து வட்டாரத்துல இப்படி ஒண்ணு அவன் பார்த்ததில்லை. சந்தேகம் வந்துருச்சு. சாம்பலைப் பார்க்குறான், சட்டியைப் பார்க்குறான், அவளைப் பார்க்குறான்.

"என்ன தாயி, பெரிய மேடை எல்லாம் கட்டி வச்சிருக்கே?"

"ராசா உசுரு ஆச்சே சாமி. தரையிலயா வைக்கிறது?"

"அதுவும் சரிதான். ஏய் சோலையா, இங்கே வா. இது உன் கைச் சட்டிதானா?"

சோலையன் கோலைத் தட்டிக்கிட்டு வந்தான். சட்டியைத் தடவினான், விளிம்பைத் தடவினான். "என் சட்டிதான் சாமி. கடைசிச் சட்டி."

"ஒழுகாதே?"

சோலையன் கை பழக்கதோஷத்துல சட்டிக்கு அடியில போச்சு. சாம்பலைத் தொட்டது. அப்போதான் ஊத்தின தண்ணி, சாம்பல் கூழாக் கிடக்குது. அவன் முகம் மாறுறதைச் சின்னநாச்சி பார்த்தா. இன்னொரு கை, பானை உடைக்கிற கட்டை எங்கேன்னு தேடுற மாதிரி தரையில துழாவுது. அந்த மனுஷன் ஆயுசுல ஒரு ஒழுகல் சட்டியை உசுரோட விட்டதில்லையே. இப்போ ஒரு வார்த்தை சொன்னான்னா அவ கண்ணு ரெண்டும் போச்சு.

சோலையன் சாம்பல்ல இருந்த கையை மெல்ல வெளியே எடுத்தான், வேட்டியில துடைச்சான்.

"என்ன சாமி இப்படிக் கேட்டுப்புட்டீங்க? என் சட்டி என்னைக்கு ஒழுகியிருக்கு?"

மணியக்காரன் தலையாட்டிட்டுப் போயிட்டான். அவன் செருப்புச் சத்தம் மறையுற வரைக்கும் சோலையன் காதைக் குடுத்துக்கிட்டு நின்னான்.

"ஓட்டை நீதான் போட்டியாடி?"

"ஆமா."

"அதனாலதான் பிழைச்சிருக்கா?"

"ஆமாய்யா. அதுக்கு வேர் மூச்சு விடணும்போல. தண்ணி அடியில நின்னா அழுகிருது."

அவன் சட்டியோட விளிம்பை மறுபடியும் தடவினான். அப்புறம், "அப்போ ஊர்ல இருக்கிற அத்தனை பேர் கண்ணையும் என் சட்டிதானே அவிச்சிருக்கு" அப்படின்னான். "ஒண்ணாவது ஒழுகிச்சா பாருன்னு பெருமை பேசினேனேடி" அப்படின்னான். வெந்த கண்ணுல கண்ணீர் பட்டா எரியும், தெரியுமா? அவன் அழுதுக்கிட்டே எரிச்சல்ல துடிச்சான்.

மறுநாள் சின்னநாச்சி கிணத்தடிக்குப் போயி, குடம் நிறையுற நேரத்துல பொம்பளைங்க காதுல சொன்னா. "ஓட்டை போடு. ஒடிச்ச வாயைக் காய விட்டு நடு. சாம்பல்ல வையி. வாயைத் திறக்காதே." ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னா, அவ அடுத்தவளுக்குச் சொன்னா. ஊர் முழுக்கக் கள்ளி எழுந்து நின்னது. அன்னைக்கிருந்து ஒரு கண்ணும் போகலை.

ஆனா அரமனைக் கள்ளி இருக்கே, அது வெள்ளி அண்டாவுல இருக்கு. வெள்ளி அண்டாவுல எவன் ஓட்டை போடுவான்? அதுக்குத் தண்ணி மட்டுமா? பாலு, பன்னீரு, இளநீரு. அது உப்பிப் போயி நின்னது, தோல் பளபளன்னு இழுத்துக் கட்டின மத்தளம் மாதிரி. அடியில லேசா மஞ்சள். அதைப் பார்த்ததும் ராசா மணியக்காரனைக் கூப்பிட்டான். "நாட்டுலயே எவன் வீட்டுக் கள்ளி நல்லா இருக்கு?"ன்னு கேட்டான். "குயவன் பொண்டாட்டி சின்னநாச்சி வீட்டுது"ன்னான் மணியக்காரன். இழுத்துட்டு வந்தாங்க.

"இதைக் குணப்படுத்து" அப்படின்னான் ராசா.

அவ கள்ளியைச் சுத்தி வந்தா. கிட்டப் போயி உத்துப் பார்த்தா. ஈரம் காயாத பானையைச் சூளையில வச்சா வெடிக்குமே, வெடிக்கிறதுக்கு முன்னாடி அது ஒரு மாதிரி உப்பும். அதே உப்பல்.

"ராசா, சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. இதுக்குத் தண்ணியை நிறுத்தணும். அழுகின அடியை வெட்டி எறியணும். மேல் கிளையை வெயில்ல போட்டுக் காய விடணும். பொருக்குத் தட்டினதும் ஓட்டைச் சட்டியில நட்டுட்டு, கண்டுக்காம விட்டுரணும். பிழைச்சுக்கும்."

ராசா சிரிச்சான். மணியக்காரனைப் பார்த்தான். "கேட்டியா? என் உசுரை வெட்டணுமாம். வெயில்ல போடணுமாம். தாகத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாதாம்."

"புருஷன் கண்ணைப் பறிகொடுத்தவ மகாராசா. வன்மம் இருக்காதா?" அப்படின்னான் மணியக்காரன்.

"நெசத்தைத்தான் சொன்னேன் ராசா. என் வீட்டுல உங்க உசுரு அப்படித்தான் வளருது."

அவ்வளவுதான். "ஓட்டைச் சட்டியிலயா வச்சே என்னை? பிடிடா இவளை!" அப்படின்னு ராசா குதிச்சான். மணியக்காரன் அவளை முட்டி போட வச்சு, தலைமயிரைப் பிடிச்சுப் பின்னால இழுத்தான். ராசா பிச்சுவாவை உருவினான். அந்தக் கள்ளியை வேற யாரும் தொடக் கூடாது, அவன்தான் தொடணும். "என் உசுருல இருந்தே பால் எடுத்து உன் கண்ணுல விடுறேன்டி" அப்படின்னு, கள்ளியோட இடுப்புல ஒரு கீறு கீறினான்.

இத்தனை காலம் ஊத்தின தண்ணியும் பாலும் பன்னீரும் உள்ளே முட்டிக்கிட்டு நின்னதா, வழிய வேண்டியது வழியலை, பீச்சி அடிச்சது. சூளை வாய் திறந்த மாதிரி குபீர்னு. சின்னநாச்சிக்கு ஒண்ணும் யோசிக்க நேரமில்லை, கை தானாப் போயி முந்தானையை முகத்துல இழுத்துக்கிச்சு. அவ தலையைப் பிடிச்சிருந்தவனுக்குக் கை காலியா இல்லை. கீறினவன் கிட்ட நின்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தான். ரெண்டு பேர் கண்ணும் அந்த இடத்துலயே வெந்துபோச்சு. வெள்ளி அண்டாவுல நின்ன கள்ளி பொத்துன்னு சரிஞ்சு, கூழா, நாத்தமா, ராசா காலடியில வழிஞ்சது.

அவ முந்தானையை எடுத்துட்டுப் பார்த்தா. ராசா தரையில புரளுறான். வாசல்ல நின்ன சேவகன் ஈட்டியைக் கீழ போட்டுட்டு வழி விட்டான், அவனுக்கும் வீட்டுல ஒரு கண்ணில்லாத அப்பன். அவ நடந்தே வீடு வந்து சேர்ந்தா.

சேதி பரவினதும் ஊர் ஊரா என்ன நடந்தது தெரியுமா? அதுவரைக்கும் பயந்து கிடந்த சனம் கள்ளியைப் பிடுங்கி, குவிச்சு, காய வச்சு, கொளுத்தினாங்க. கண்ணில்லாதவங்க எல்லாம் கோலை ஊன்றிக்கிட்டுச் சுத்தி நின்னு, நெருப்போட சூட்டை மூஞ்சியில வாங்கிக்கிட்டாங்க. ராசா செத்தான்னு சங்கு ஊதுற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாங்க. சங்கு ஊதலை. அடுத்த நாளும் ஊதலை. ராசா சாகலை.

ஏன் சாகலை? ஒரு இடத்துல பச்சை மிச்சம் இருந்தது.

சனமெல்லாம் சின்னநாச்சி வீட்டுக்குத் திரண்டு வந்தாங்க. "ஏன்டி, உன் புருஷன் கண்ணை அவிச்சவனோட உசுரையா காத்துக்கிட்டு இருக்கே?"

"ஆமா" அப்படின்னா அவ, கதவுக்குக் குறுக்கே நின்னுக்கிட்டு. "நல்லாக் காத்துக்கிட்டு இருக்கேன்."

அவங்களுக்கு முதல்ல விளங்கலை. அப்புறம் விளங்கிச்சு. விளங்கினதும் வந்த வழியே திரும்பிப் போனாங்க.

காலம் போச்சு. ராசாவுக்கு மகன் பட்டம் ஏறினான், கிழவனை அரமனை வாசல்ல உக்கார வச்சான். பேரன் பட்டம் ஏறினான், நாத்தம் தாங்கலைன்னு தெருவுல விட்டுட்டான். மணியக்காரன் எப்பவோ ஒரு கிணத்துல தவறி விழுந்து செத்துத் தொலைஞ்சான், குடுத்து வச்சவன். ராசாவுக்குப் பல்லு போச்சு, காது மந்தமாச்சு, மூட்டு போச்சு, உடம்பெல்லாம் புண்ணு. சாவு மட்டும் வரலை. அவன் அதை மட்டும்தானே கேட்டு வாங்கினான்?

ஒருநாள் மத்தியானம், நல்ல வெயில்ல, சின்னநாச்சி வாசல்ல கோல் தட்டுற சத்தம். அவளும் கிழவி ஆயிட்டா, சோலையனும் கிழவன் ஆயிட்டான். வாசல்ல கிழிஞ்ச கந்தையோட ஒரு எலும்புக்கூடு நிக்குது.

"ஆத்தா, இதுதானே குயவன் வீடு? என் உசுரு இங்கதானே இருக்கு?"

"இங்கதான் ராசா. சுகமா இருக்கு. இந்த வருஷம் இன்னும் ரெண்டு கிளை விட்டிருக்கு."

"ஆத்தா, உன் காலைத் தொட்டுக் கேக்குறேன். அதுக்குத் தண்ணி ஊத்து. நிறைய ஊத்து. அழுகட்டும். என்னை விட்டுரு."

சின்னநாச்சி உள்ளே போனா. குடம் நிறையத் தண்ணி கொண்டாந்தா. ராசா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி கள்ளிக்குப் பக்கத்துல நிறுத்தினா. ராசா அதைப் பிடுங்கப் பார்த்தான், முள்ளு குத்தி அவன் கையில ரத்தம் வந்ததுதான் மிச்சம். குடத்தை அவன் கையிலயே குடுத்தா.

"நீங்களே ஊத்துங்க ராசா. காலையில ஊத்துங்க, மத்தியானம் ஊத்துங்க, சாயந்தரம் ஊத்துங்க. கிணறு பக்கத்துலதான்."

ராசா ஊத்தினான். ஆசையோட ஊத்தினான். தண்ணி மேல போச்சு, மணலை நனைச்சது, சில்லைத் தாண்டினது, ஓட்டை வழியாச் சாம்பல்ல இறங்கினது. அவன் கோலைத் தட்டிக்கிட்டுக் கிணத்துக்குப் போனான், இன்னொரு குடம் கொண்டாந்தான், ஊத்தினான். இறங்கினது. இன்னொரு குடம். இறங்கினது. மறுநாளும் வந்தான்.

உள்ளே இருந்து சோலையன் கேட்டான், "பாவமா இல்லையாடி உனக்கு?"

"இருக்கு" அப்படின்னா அவ. "உனக்கு?"

அவன் எழுந்து தட்டுத் தடுமாறி வந்தான், சட்டிக்கு அடியில கையை விட்டான், சாம்பலைத் தொட்டான். சொதசொதன்னு ஈரம். ஆயுசுல முதல் தடவையா அந்த ஈரத்தைத் தொட்டுட்டு அவன் சிரிச்சான்.

"நல்லா ஒழுகுதுடி" அப்படின்னான்.

சாவே வேண்டாம்னு அடுத்தவன் கண்ணைப் பிடுங்கினவனுக்குச் சாவு அப்படித்தான் கிடைக்காமப் போச்சு. சோலையனும் சின்னநாச்சியும் எப்பவோ காலமாயிட்டாங்க. சட்டி இன்னும் இருக்கு, ஓட்டையும் இருக்கு, கள்ளி இப்போ கூரைக்கு மேல நிக்குதாம். நம்ம வீட்டு வாசல்ல கள்ளி வச்சாச் சட்டியில ஓட்டை போட்டு வைங்க. யாராச்சும் ஒரு கிழவன் கோல் தட்டிக்கிட்டு வந்து, அதுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமான்னு கேட்டான்னா, ஊத்திக்கோன்னு சொல்லிட்டு உள்ளே வந்துருங்க.

அவன் குடமும் காலி, என் வாயும் காலி. கண்ணை மூடித் தூங்குங்க, கண்ணு இருக்கிறப்பவே மூடிக்கலாம்.